ஹவ்ரிலுக் பேரனுக்குப் பரிகார டிராஃப்ட்

ஹார்க்நெஸ் ஊரில் ஒரு பையனைப் பெரிய லீக் எடுத்துக்கொள்ளவில்லை என்றால், சாவு வீட்டுக்குப் போவதுபோல அவன் வீட்டுக்குச் சாப்பாடு போகும்.

இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை டிராஃப்ட் நடக்கும். பெரிய லீக்கின் அணிக்காரர்கள் எல்லாரும் கிழக்கே ஏதாவதொரு நகரத்தில் கூடி, பனித்தளத்தில் ஹாக்கி ஆடும் பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களை ஒவ்வொரு பெயராகச் சொல்லித் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு சுற்று. எடுபட்டவன் வீட்டுத் தோட்டத்தில் அன்று மாலையே ஒரு பன்றி முழுதாக வறுபடும். எடுபடாதவன் வீட்டுக்கு மறுநாள் தேவாலயம் விட்ட கையோடு பெண்கள் வருவார்கள். கையில் மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம். உள்ளே நூடுல்ஸும் மீனும் பாலாடைக்கட்டியும் சேர்த்து வேகவைத்த ஏதோ ஒன்று. பாத்திரத்தின் அடியில் ஒட்டிய தாளில் பாத்திரத்துக்காரியின் பெயர். "எல்லாம் கடவுள் சித்தம்" என்பார்கள். "இப்பத்தான் வசந்தத்துலகூட நல்லா ஆடினான்" என்பார்கள். பையன் அதே அறையில் உயிரோடு உட்கார்ந்திருப்பான். அவனைப் பார்க்காமல் பேசுவதுதான் மரியாதை. சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தைக் கழுவி, உரியவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் துக்கம் முடிந்தது என்று பொருள். அதன்பிறகு பையன் தானியக் களஞ்சியத்திலோ எண்ணெய்க் கிணற்றிலோ வேலைக்குப் போகலாம்.

ஒரெஸ்ட் ஹவ்ரிலுக்கின் வீட்டுக்கு இந்தச் சாப்பாடு மூன்று ஜூன் வந்தது. மூன்றும் பேரன் மார்க்கியனுக்காக.

ஒரெஸ்ட் அந்த ஊரின் கோதுமைக் களஞ்சியத்தை ஓய்வு பெறும்வரை நிர்வகித்தவர். அவர் குனிந்து யாரும் பார்த்ததில்லை. கீழே விழுந்த கையுறையை எடுக்கும்போதுகூட முழங்காலைத்தான் மடக்குவார், முதுகை அல்ல. முதல் ஜூனில் பெண்கள் வந்தபோது கதவைத் திறந்து, பாத்திரங்களை வாங்கி, "இந்த வீட்ல யாரும் சாகல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே இருந்ததைத் தொடக்கூடாது என்று உத்தரவு. மருமகள் டோனா, நல்ல மீனைக் குப்பையில் கொட்ட மனம் வராதவள், அதைத் தன் சொந்தத் தட்டுகளுக்கு மாற்றி இரவுச் சாப்பாடாகப் பரிமாறினாள். ஒரெஸ்ட் ஒரு வாயிலேயே அது எந்த வீட்டுச் சமையல் என்று கண்டுகொண்டார். தட்டைத் தள்ளவில்லை. ஆனால் பாத்திரங்களைத் திருப்பித் தர விடவில்லை. திருப்பித் தந்தால் துக்கத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவை நிலவறையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின.

மார்க்கியன் தடுப்பாட்டக்காரன். ஊர் அணியான ஹாரியர்ஸுக்கு ஆடினான். பெரிய உடம்பு இல்லை. "கால் மெதுவு" என்று தேர்வாளர்கள் எழுதினார்கள். மறு வருஷம் "கால் பரவாயில்லை, கை மெதுவு" என்றார்கள். மூன்றாம் வருஷம் "கால், கை சரி, முகத்தில் பசி தெரியவில்லை" என்றார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அவன் பனியில் ஒரு சுற்று வந்து, மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு நேராக நின்று, குச்சியால் இரண்டு முறை தட்டுவான். ஒரெஸ்ட் தொப்பியின் விளிம்பை ஒரு விரலால் தொடுவார். ஆட்டம் முழுவதும் அவர் காட்டும் ஆரவாரம் அவ்வளவுதான். மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். பையனுக்கு அந்த ஒரு விரல் போதும்.

மூன்றாவது துக்கத்துக்கு அடுத்த செப்டம்பரில் ஒரு பெரிய அணி அவனைப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டது. சும்மா ஆள் கணக்குக்குத்தான். முகாம் முடிந்தபோது ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. டிராஃப்டில் யாரும் தொடாத பையன்!

ஊருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுது முடித்த பிணம் எழுந்து வேலைக்குப் போனதுபோல் ஆகிவிட்டது.

பனித்தளக் கட்டடத்தின் கான்டீனில் தினமும் காலையில் கிழவர்கள் காப்பிக்குக் கூடுவார்கள். பகடை உருட்டித் தோற்றவன் எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும். அன்றைக்கு ஒரெஸ்ட் உள்ளே நுழைந்ததும் பகடை நின்றது.

"உன் பேரன் கையெழுத்துப் போட்டுட்டானாமே?" என்றார் பன்றிப் பண்ணை டெல்பர்ட் ஃப்ரீசன்.

"போட்டான்."

"டிராஃப்ட் ஆகாமலே?"

"ஆகாமலே."

"அப்ப நாங்க பன்னி வறுக்கணுமா, இல்ல இன்னொரு தடவ மீன் கொண்டாரணுமா? என் பொண்டாட்டி கேட்டுட்டு வரச் சொன்னா. மீன்னா அவளால முடியாது. பாத்திரம் மூணும் உன் வீட்லதான் கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பனித்தளத்தில் பனி வழிக்கும் வண்டி ஓட்டும் ஹெக்டர் லாப்லாண்ட் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கய்யா. வெளிய டிராஃப்ட் சுவத்துல பேர் இருக்கற பயலுவ என்ன கிழிச்சானுவ? சொல்லு பாப்போம். லார்ன் பெட்டிக்ரூவ எப்படி எடுத்தாங்க? பனிப்புயல்ல ரோடு மூடிப்போச்சு. தேர்வாளர் இந்த ஊர்ல மாட்டிக்கிட்டான். வேற எவனையும் பாக்கல. இவனப் பாத்தான், எழுதிட்டுப் போயிட்டான்."

"அதான்யா தீர்க்க தரிசனம்" என்றார் டெல்பர்ட்.

"முகாமுக்குப் போய் அடுத்த வாரமே திரும்பி வந்தானே, அதும் தீர்க்க தரிசனமா? வெண்டல் கோல் காக்கப் போனான். கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கல. இப்ப இன்சூரன்ஸ் விக்கறான். ரெஜி ஃபான்டைன எடுத்தப்ப அவன் கால்ல மாவுக்கட்டு!"

"எடுத்தாங்கல்ல? அதான் பேச்சு. எடுக்கறது வேற, ஆடறது வேற. ஒரெஸ்ட்டு, கோச்சுக்காத. உன் பேரன் நல்ல பையன். ஆனா அவங்கல்லாம் முன்வாசல் வழியா போனானுவ. இவன் பின்வாசல் வழியா போயிருக்கான்."

டெல்பர்ட் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பகடையை உருட்டிக்கொண்டே சொன்னார். ஒரெஸ்ட் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார். அவருடைய அப்பா இந்த நாட்டுக்கு வந்தபோது, ஊர்க் கடையில் ஹவ்ரிலுக் குடும்பத்துக்கு மாவு பின்கதவு வழியாகத்தான் கொடுக்கப்பட்டது. அப்பா அதை வாங்கவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அடுத்த ஊருக்கு வண்டி கட்டிப்போய் வாங்கினார். அந்தக் கதை ஒரெஸ்டின் முதுகெலும்பிலேயே இருந்தது.

கான்டீனுக்கு வெளியே, பனித்தளத்தின் நுழைவாயிலில், டிராஃப்ட் சுவர் இருந்தது. ஹாரியர்ஸிலிருந்து எடுபட்ட ஒவ்வொருவனுக்கும் ஒரு பித்தளைப் பலகை. ஒரெஸ்ட் அதன்முன் நின்று எல்லாப் பெயரையும் படித்தார். அந்தப் பெயர்களில் ஒருவன்கூடப் பெரிய லீக்கில் ஓர் ஆட்டமாவது ஆடியதில்லை என்பது அவருக்கும் தெரியும். அது அவரை உறுத்தவில்லை. ஹவ்ரிலுக் என்ற பெயர் அங்கே இல்லை என்பதுதான் உறுத்தியது.

சுவரை ஆண்டது ஹாரியர்ஸ் டிராஃப்ட் மாண்புக் காப்பு வாரியம். கான்டீனுக்கு மேல் மாடி அறையில் அது கூடியது. ஒவ்வொரு கூட்டமும் எடுபடாதவர்களுக்காக ஒரு நிமிட மௌனத்துடன் தொடங்கும். பிறகு உறுப்பினர்கள் ஒரு பழைய சறுக்குக் காலணியின்மேல் கை வைத்து, சுவரை மாசின்றிக் காப்போம் என்று உறுதி சொல்வார்கள். அந்தக் காலணி யாருடையது என்பது மறந்துபோய்விட்டது. அதனால் அதன் புனிதம் கூடியிருந்தது.

தலைவர் கிளிஃப்டன் பர்டெட். டிராக்டர் கடைக்காரர். சுவரில் மூன்றாவது பலகை அவருடையது.

ஒரெஸ்ட் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு அணிந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றார். உட்காரச் சொல்ல மறந்துபோனார்கள்.

"என் பேரன் பேரைச் சுவத்துல போடணும்" என்றார்.

பர்டெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரெஸ்ட், உங்க மேல எங்களுக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா இது டிராஃப்ட் சுவர். ஆட்டக்காரங்க சுவர் இல்ல. நல்லா ஆடறவனையெல்லாம் ஏத்த ஆரம்பிச்சா அப்புறம் எங்க போய் நிக்கும்?"

"அவன ஒரு பெரிய அணி வேணும்னு சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கு."

"அவங்க அவனைப் பாத்தாங்க, பிடிச்சிருந்துச்சு, எடுத்துக்கிட்டாங்க. யார் வேணா செய்யலாம் அத. டிராஃப்ட்னா பாக்காமலே நம்பறது! என்னையே எடுத்துக்குங்க. பதினோராம் சுத்துல என்னை எடுத்தாங்க. நான் போகல. ஏன் போகல? போயிருந்தா, இவன் வேணாம்னு அனுப்பியிருப்பாங்க. போகாததால என்னாச்சு? எடுத்தது எடுத்ததாவே நிக்குது. இன்னிவரைக்கும் ஒருத்தன் என்னை வேணாம்னு சொன்னதில்ல." செயலாளர் திருமதி ஓலாஃப்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அந்த அம்மாளே ஓர் ஆட்சேபம் எழுப்பினார். பையனுக்குத் துக்கச் சாப்பாடு மூன்று முறை போயிருக்கிறது. அழுது முடித்தவனைச் சுவரில் ஏற்ற முடியுமா?

"நாங்க துக்கத்த ஒத்துக்கல" என்றார் ஒரெஸ்ட். "பாத்திரத்தத் திருப்பியே தரல."

"பாத்திரம் சரி. உள்ள இருந்தது?"

ஒரெஸ்ட் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "மருமக பரிமாறினா."

"சாப்ட்டீங்களா?"

"...சாப்ட்டேன்."

"நான் குடுத்ததுல ஜாதிக்காய் அதிகமா இருந்துச்சா?"

"கொஞ்சம்."

"ஆகமொத்தம் சாப்பிட்டிருக்கார்" என்று அம்மாள் குறித்துக்கொண்டார். எழுதும்போது பென்சில் சற்று அழுந்தியது.

வாரியம் அக்டோபரில் யோசித்தது. நவம்பரில் யோசித்தது. டிசம்பரில், துக்கச் சாப்பாடு உண்ட வீட்டை மீட்க வழி உண்டா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்தது. துணைக்குழுவில் அதே உறுப்பினர்கள் இருந்ததால் வேலை விரைவாக நடந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரெஸ்ட் கோட்டோடு போய் நின்றார். மகன் லெஸ், மார்க்கியனின் அப்பா, ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னான்:

"அப்பா, விட்டுருங்க. அவனுக்கே இந்தச் சுவர் வேணாம். அவன் அங்க கீழ்நிலை அணியில பஸ்லயே தூங்கி எழுந்து ஆடிட்டிருக்கான். போன்ல உங்களத்தான் கேக்கறான். நீங்க இந்த டிராக்டர்காரன் முன்னாடி நிக்கறீங்க."

"அவனுக்காகத்தான்டா நிக்கறேன்."

"அவனுக்காகவா?"

மகன் தகப்பனைக் கேள்வி கேட்பது அந்த வீட்டில் வழக்கமில்லை.

ஜனவரியில் வாரியம் தீர்ப்புச் சொன்னது. எடுபடாமல் போனது ஒரு குறை. குறைக்குப் பரிகாரம் உண்டு. வாரியமே ஒரு பரிகார டிராஃப்ட் நடத்தும். மார்க்கியன் கடைசியாக விடுபட்ட அந்த வருஷத்து டிராஃப்டின் எல்லாப் பெயர்களையும், முதல் சுற்றிலிருந்து பன்னிரண்டாம் சுற்றுவரை, தலைவர் பனித்தளத்தில் வாசிப்பார். கடைசிப் பெயருக்குப் பின் மார்க்கியன் பெயர் வாசிக்கப்படும். உண்மை டிராஃப்டில் எப்படியோ அப்படியே குடும்பம் நல்ல உடையில், தொப்பி கழற்றி, பார்வையாளர் இருக்கையில் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். பையன் இல்லாததால், பெயர் வரும்போது குடும்பத்தின் மூத்தவர் எழுந்து சென்று அணிச் சட்டையைப் பெற வேண்டும். இடையில் மூத்தவர் எழுந்து போனால் பெயர் செல்லாது.

"எழுந்து போக மாட்டேன்" என்றார் ஒரெஸ்ட்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை மாலை என்று குறிக்கப்பட்டது. அன்று காலை தொலைபேசி அடித்தது.

"கீடோ!" தாத்தாவை அவன் கூப்பிடும் முறை அது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "கீடோ, மேல கூப்ட்டுட்டாங்க! ரெண்டு பேருக்கு அடிபட்டுடுச்சு. ராத்திரி பஸ்லேர்ந்து எறக்கி ஏரோப்ளேன்ல ஏத்திட்டாங்க. இன்னிக்குப் பெரிய அணிக்கு ஆடறேன். சாயங்காலம். டிவில வரும். கான்டீன்ல அந்தப் பெரிய டிஷ்ல வரும். பாப்பீங்கல்ல?"

டோனா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லெஸ் ரிசீவரைப் பறிக்காத குறையாகப் பக்கத்தில் நின்றான்.

"நல்லா ஆடு" என்றார் ஒரெஸ்ட். "முட்டிய மடக்கி நில்லு. முதுக வளைக்காத."

அவர் அங்கிருந்து நேராகப் பர்டெட்டின் கடைக்கு நடந்தார். கடும் குளிர். மீசையில் பனி பிடித்திருந்தது. விழாவை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். அவர் வாழ்நாளில் யாரிடமும் கேட்ட முதல் சலுகை அது.

"ஒரெஸ்ட்," என்றார் பர்டெட், "உங்க சங்கடம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு அவன் ஆடப்போறான். ஆடிட்டான்னு வைங்க. ஆடினவன எப்படி அப்புறம் டிராஃப்ட் பண்றது? உலகத்துல நடக்காத காரியம். இப்பவே காலந்தாழ்ந்துதான் நிக்குது. ஆட்டம் முடியறதுக்குள்ள பண்ணாத்தான் உண்டு. ஆட்டம் என்ன ஓடியா போகும்? இருவது வயசு. இன்னும் ஆயிரம் ஆடுவான். சுவரு ஒரு தடவதான்."

ஆட்டம் ஆயிரம் வரும், சுவர் ஒரு தடவைதான். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரெஸ்ட் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கும் ஒன்று ஏன் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

மாலையில் ஹவ்ரிலுக் குடும்பம் நல்ல உடையில் பனித்தளத்தின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தது. ஒரெஸ்ட் தொப்பியைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்தார். மையத்தில் விரித்த கம்பளத்தின்மேல் மேசை. அதன்மேல் அந்தக் காலணி. ஒரு நிமிட மௌனத்துக்குப் பின் பர்டெட் ஒலிபெருக்கியில் முதல் சுற்றை வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, கைதட்டலுக்கென்று இடைவெளி விட்டார். கைதட்ட ஆளில்லை. இடைவெளி மட்டும் இருந்தது.

ஊர் முழுக்கக் கான்டீனில் இருந்தது; டெல்பர்ட் ஒரு பன்றியே வறுத்துக் கொண்டுவந்திருந்தார். கான்டீனுக்கும் பனித்தளத்துக்கும் நடுவே நீண்ட கண்ணாடி. தொலைக்காட்சிப் பெட்டி ஒரெஸ்டுக்கு முதுகைக் காட்டியபடி இருந்தது. அவருக்குத் தெரிந்தது அதைப் பார்க்கும் முகங்கள் மட்டுமே.

மூன்றாம் சுற்றில் முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே உயர்ந்தன. ஆரவாரம் கண்ணாடியைத் தாண்டி வந்தது. லெஸ் எழுந்தான்.

"அவன் எறங்கிட்டான்பா."

"உக்காரு."

"என் புள்ள எறங்கிட்டான்பா. மூத்தவர்தான இருக்கணும்? இருங்க." டோனாவின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிக் கான்டீனுக்குள் போனான்.

ஒரெஸ்ட் நேராக உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் சுற்றில் டெல்பர்ட் ஃப்ரீசன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "யோவ் ஒரெஸ்ட்டு! வாய்யா! உன் பய ஒருத்தனத் தூக்கி வச்சான் பாரு, தளத்தச் சுத்தியிருக்கற பலகயே குலுங்குது! ரெண்டு நிமிஷம் வந்து பாத்துட்டு வந்து உக்காருய்யா, எவன் கேக்கப் போறான்?"

பர்டெட் ஒலிபெருக்கியிலிருந்து தலையை உயர்த்தி, காத்திருந்தார்.

"நீ போ, டெல்பர்ட்" என்றார் ஒரெஸ்ட். "முன்வாசல்னு நீதானே சொன்ன. முன்வாசல்ல காத்திருக்கத்தான் வேணும்."

டெல்பர்டின் முகம் வெளிறியது. "அடப்பாவி, அது சும்மா காப்பிக்குச் சொன்னதுய்யா." சற்று நின்றார். பிறகு போய்விட்டார்.

எட்டாம் சுற்றில் கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் எழுந்தார்கள். இந்த முறை சத்தம் இல்லை. டோனா தலையைத் திருப்பிக்கொண்டாள். ஹெக்டர் தொப்பியைக் கழற்றினார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கழற்றினார்கள்.

பர்டெட்டும் அதைக் கண்டார். ஊரே எழுந்து நின்று, தொப்பி கழற்றித் தன் விழாவுக்கு மரியாதை செய்கிறது என்று அவர் நெகிழ்ந்துபோனார். ஒன்பதாம் சுற்றை இன்னும் உரத்த குரலில், இன்னும் நீண்ட இடைவெளிகளோடு வாசித்தார்.

ஒரெஸ்டுக்குத் தெரிந்துவிட்டது. களஞ்சியத்தில் ஓர் ஆள் தவறி விழுந்தபோது ஆண்கள் அப்படி நின்றதை அவர் பார்த்திருக்கிறார். எழ வேண்டும் என்று கால்கள் சொல்லின. எழுந்தால் பெயர் செல்லாது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கைகள் முழங்காலில் இருந்தபடியே இருந்தன.

"மார்க்கியன் ஹவ்ரிலுக். ஹார்க்நெஸ், சஸ்காச்சுவான்."

எழுந்து நடந்தார். பர்டெட் ஹாரியர்ஸின் சட்டை ஒன்றை அவர் கோட்டின்மேல் மாட்டிவிட்டார். திருமதி ஓலாஃப்சன் புகைப்படம் எடுத்தார். அந்தப் படத்தில் பர்டெட் சிரிக்கிறார். ஒரெஸ்ட் கண்ணாடிப் பக்கம் பார்க்கிறார்.

மார்க்கியனுக்கு வலது முட்டி. தளத்தின் சுற்றுப் பலகையோரத்தில் இருவர் சேர்ந்து விழுந்ததில் அடியில் மாட்டிக்கொண்டான். கிழக்கே ஒரு மருத்துவமனையில் இரண்டு முறை அறுத்தார்கள். நடக்கலாம், ஆடக்கூடாது என்றார்கள். அணி அவனுக்கு நன்றி தெரிவித்தது.

அந்தச் செய்தி வந்த வார ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் பெண்கள் வந்தார்கள். கையில் கண்ணாடிப் பாத்திரம் இல்லை. பாத்திரம் எல்லாம் ஒரெஸ்டின் நிலவறையில் இருந்தது. தூக்கி எறியும் தகரத் தட்டுகளில் கொண்டுவந்தார்கள். "திருப்பித் தர வேண்டியதில்ல" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். ஒரெஸ்ட் இந்த முறை கதவைச் சாத்தவில்லை. மேசையில் உட்கார்ந்து, வந்ததையெல்லாம் எல்லோர் முன்னிலும் சாப்பிட்டார். பிறகு நிலவறைக்குப் போய் மூன்று வருஷத்துப் பாத்திரங்களையும் மேலே கொண்டுவந்து, கோட்டுக் கையை மடித்துக் கழுவினார். டோனா உதவ வந்தபோது வேண்டாமென்று தலையாட்டினார். முதுகு வளைந்திருந்தது.

அடுத்த வாரம் பர்டெட் பித்தளைப் பலகையைத் தம் கையாலேயே ஆணியடித்தார். "ஒரு ஆட்டம் ஆடினான்ங்கறத இதுல போடல, ஒரெஸ்ட்" என்று தோளைத் தொட்டுச் சொன்னார். "மத்த பசங்க மனசு நோகும். இப்பத்தான் அவன் இந்தச் சுவத்துக்குச் சரியாப் பொருந்தறான்."

ஒரெஸ்ட் பலகையைப் படித்தார். பெயரில் எழுத்துப் பிழை இல்லை. நன்றி சொல்லிவிட்டுக் கான்டீனுக்குள் போனார். பகடை நின்றது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து அவன் நாளைக்குப் போன் பண்ணுவான்" என்றார். "பாத்தீங்களான்னு கேப்பான். ஆட்டத்த எனக்குச் சொல்லுங்க."

டெல்பர்ட் சர்க்கரைக் கிண்ணத்தை மேசை நடுவில் இழுத்தார். "இதான் கோலு. இந்த உப்பு டப்பா உன் பய. மொத தடவ எறங்கறான், இங்க."

"அங்க இல்லய்யா, இடது பக்கம்!" என்றார் ஹெக்டர். "வட்டு மூலையிலேர்ந்து வருது. இவன் அவசரப்படல. தல நிமிந்துதான் இருக்கு. ஒரு எட்டு வச்சு, இப்படித் திருப்பி, நடுவுல ஓடற பயலுக்கு நேரா..."

"எட்டு வைக்கல, நின்ன எடத்துலேர்ந்தே குடுத்தான்."

"நீ என்னத்தப் பாத்த? நீ அப்ப பன்னிக்கறி தின்னுக்கிட்டிருந்த!"

காப்பி ஆறும்வரை சண்டை போட்டார்கள். அவன் கடைசியாக இறங்கிய கட்டம் வந்தபோது, உப்பு டப்பாவை யாரும் தொடவில்லை. ஒரெஸ்டே எடுத்து மேசை ஓரத்தில் படுக்கவைத்தார். "இப்படியா?" என்றார். ஹெக்டர் தலையாட்டினார்.

மறுநாள் மாலை தொலைபேசி அடித்தது.

"பாத்தீங்களா, கீடோ?"

"பாத்தேன்." அது அவருடைய முதல் பொய். "அந்த வட்டு... மூலையிலேர்ந்து வந்தத, தல நிமிந்தே நடுவுல குடுத்த பாரு. நல்லாக் குடுத்த."

மறுமுனையில் பையன் அழுவது கேட்டது. அல்லது சிரிப்பது. "அப்ப நெசமாவே பாத்திருக்கீங்க. அப்பாகிட்ட கேட்டேன், தாத்தா எங்க உக்காந்தாருன்னு. அவரு ஒண்ணுமே சொல்லல. நான் பயந்துட்டேன்." மூக்கை உறிஞ்சினான். "ஆட்டத்துக்கு முன்னால, கீடோ. கேமரா எங்க இருக்குன்னு தெரியல. அங்க விளக்கு போடறவருகிட்ட மேற்கு எந்தப் பக்கம்னு கேட்டேன். நம்மூரு பக்கமாத் திரும்பி, ரெண்டு தடவ தட்டினேன். டிவில வந்துச்சா?"

அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த நேரத்தில் கான்டீனில் எல்லோரும் கறிக்கு வரிசையில் நின்றிருப்பார்கள்.

"வந்துச்சு" என்றார் ஒரெஸ்ட்.

"தொப்பியத் தொட்டீங்களா?"

தொப்பி கதவருகே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ரிசீவரைக் காதில் வைத்தபடியே அவர் அதை நோக்கி நடந்தார். கம்பி அவ்வளவு தூரம் எட்டவில்லை. அறை நடுவில் நின்று, மேற்கே திரும்பலாமா கிழக்கே திரும்பலாமா என்று ஒரு கணம் தடுமாறி, கிழக்கே திரும்பினார். வெறும் நெற்றியை ஒரு விரலால் தொட்டார்.

"தொட்டேன்டா" என்றார்.